நாலு பஸ் மாறிப் போன மின்னு மணி

மட்டாஞ்சேரி, கொச்சியின் பழைய கடைத்தெரு. மிளகும் சுக்கும் ஏலக்காயும் மணக்கும் இடம். தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இந்தப் பக்கத்தில் வாழ்கின்றன. கொஞ்ச தூரத்தில் ஃபோர்ட் கொச்சி. அங்கே பரேடு மைதானம் இருக்கிறது.

மாலை நேரம் வந்தால் சந்துகளிலும் மைதானத்திலும் பையன்கள் கூடுவார்கள். மட்டையும் பந்தும் இருந்தால் போதும். மட்டை இல்லாவிட்டால் தென்னை மட்டை. ஸ்டம்ப் இல்லாவிட்டால் சுவரில் கரிக்கோடு. ஆட்டம் தொடங்கிவிடும்.

அந்த நேரத்தில் பெண் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? ஒருத்தி தண்ணீர் பிடிப்பாள். ஒருத்தி தம்பியைத் தூக்கி வைத்திருப்பாள். ஒருத்தி பாத்திரம் துலக்குவாள். "நானும் போய் விளையாடட்டுமா?" என்று கேட்டால், "அது பையன்கள் ஆட்டம்" என்று பதில் வரும்.

கேரளத்தின் மலைநாட்டில் ஒரு பெண் குழந்தைக்கும் இதே பதில்தான் முதலில் கிடைத்தது. அவர் பெயர் மின்னு மணி. 2023 ஜூலை மாதம் அவர் இந்திய அணியில் ஆடினார். கேரள அணியிலிருந்து இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குப் போன முதல் பெண் அவர்தான்.

வயல்வெளியில் இருந்து இந்திய அணி வரை அவர் எப்படிப் போனார்? வழியில் எத்தனை படிகள்? யார் யார் கை கொடுத்தார்கள்?

வயலில் தொடங்கிய ஆட்டம்

கொச்சியிலிருந்து வடக்கே 250 கிலோமீட்டருக்கு மேல் போனால் வயநாடு மாவட்டம். மலையும் காடும் நெல் வயலும் நிறைந்த பூமி. அங்கே மானந்தவாடி என்று ஓர் ஊர். அதன் அருகில் உள்ள சோயிமூலா என்ற சிற்றூரில் 1999 மார்ச் 24 அன்று மின்னு மணி பிறந்தார்.

அவர் குடும்பம் குறிச்சியர் என்ற பழங்குடியைச் சேர்ந்தது. குறிச்சியர் வில் வித்தையில் பேர் போனவர்கள். பழசி ராஜா ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டபோது அவருக்குத் துணை நின்றவர்கள். தலைக்கல் சந்து என்ற குறிச்சிய வீரர் 1802ஆம் ஆண்டு பனமரம் கோட்டைத் தாக்குதலில் படை நடத்தினார்.

மின்னுவின் அப்பா தினக்கூலி. அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார். வசதி இல்லாத வீடு.

அறுவடை முடிந்த வயல்தான் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மைதானம். அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பத்து வயது மின்னுவும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பெண்களுக்கென்று தனியாக அணி இருப்பதே அப்போது அவருக்குத் தெரியாது. பந்து வந்தால் அடிக்க வேண்டும், கையில் கிடைத்தால் வீச வேண்டும். அவ்வளவுதான் தெரியும்.

பெற்றோருக்கு முதலில் இதில் விருப்பம் இல்லை. அவர்கள் கவலையும் நியாயமானதுதான். விளையாட்டு சோறு போடுமா? பெண் பிள்ளை தனியாக வெளியே போய்வர முடியுமா? ஊர் என்ன சொல்லும்?

கண்ணில் பட்ட திறமை

மின்னு மானந்தவாடி அரசு தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்தார். அங்கே உடற்பயிற்சி ஆசிரியை எல்சம்மா பேபி. மின்னு பந்து வீசுவதை அவர் கவனித்தார். இந்தப் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

ஒரு குழந்தைக்குத் திறமை இருக்கலாம். அதைப் பார்க்க ஒரு கண் வேண்டும். பார்த்த பிறகு கையைப் பிடித்து அடுத்த வாசல் வரை கொண்டுபோய் விட ஓர் ஆள் வேண்டும். மின்னுவுக்கு அந்த ஆள் அரசுப் பள்ளியில் கிடைத்தார்.

மாவட்டத் தேர்வில் மின்னு வென்றார். பிறகு கேரள கிரிக்கெட் சங்கத்தின் பயிற்சி மையத்தில் இடம் கிடைத்தது. அது இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழாவில் இருந்தது. வீட்டை விட்டு அங்கே தங்கிப் பயிற்சி எடுத்தார். முறையாகப் பந்து பிடிப்பது, கால் வைப்பது, களத்தில் நிற்பது எல்லாம் அங்கேதான் கற்றார். 16 வயதில் கேரள அணியில் இடம் பிடித்தார்.

நாலு பஸ்

வயநாட்டிலேயே கிருஷ்ணகிரி என்ற இடத்தில் ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. மலைகளுக்கு நடுவே உள்ள அழகான மைதானம். தமிழ்நாட்டில் உள்ள கிருஷ்ணகிரி வேறு. இது வயநாட்டுக் கிருஷ்ணகிரி.

மின்னுவின் வீட்டிலிருந்து அந்த மைதானம் சுமார் 40 கிலோமீட்டர். நேராகப் போகும் பஸ் கிடையாது. நாலு பஸ் மாற வேண்டும். விடிவதற்கு முன் எழுந்திருப்பார். அம்மாவுக்குச் சமையலில் உதவுவார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். பயிற்சி முடிந்து மறுபடி நாலு பஸ். வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

பஸ்ஸில் போகும் நேரம் பயிற்சிக் கணக்கில் சேராது. ஆனால் உடம்பு களைப்பது களைப்பதுதான். மைதானத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ள பிள்ளை அந்த நேரத்தில் தூங்கலாம், படிக்கலாம், கூடுதலாகப் பந்து வீசலாம். மின்னு பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பல ஆண்டுகள்.

பெண்கள் வெளியே போய்வர வழி கிடைத்தால் எவ்வளவு மாறும் என்பதை அறிவொளி இயக்கம் பார்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள். சைக்கிள் வந்ததும் வேலைக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போனார்கள். விளையாட்டுக்கும் அதே கதைதான். மைதானம் இருந்தால் போதாது. அங்கே போய்ச் சேர வழி வேண்டும்.

படிப்படியாக

இந்திய அணிக்கு யாரும் ஒரே நாளில் போய்விட முடியாது. ஏணி மாதிரி படிகள் உண்டு.

முதல் படி, பள்ளி அல்லது ஊர் அணி. இரண்டாவது, மாவட்ட அணி. மூன்றாவது, மாநில அணி. மாநில அணியிலும் பிரிவுகள் உண்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 19 வயதுக்கு உட்பட்டவர்கள், 23 வயதுக்கு உட்பட்டவர்கள், அதன் பிறகு பெரியவர்கள். வயதுப் பிரிவில் சேர பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் போனால் நல்ல ஆட்டக்காரிகூட வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

மாநிலத்தில் நன்றாக ஆடினால் இந்தியா 'ஏ' அணி. இது இந்திய அணிக்கு அடுத்த நிலையில் உள்ள அணி. அதற்கும் மேலே இந்திய அணி.

மின்னு ஒவ்வொரு படியாக ஏறினார். 2019ஆம் ஆண்டு இந்தியா 'ஏ' அணிக்குத் தேர்வானார். அதன் பிறகும் இந்திய அணியில் ஆட மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். எட்டாம் வகுப்பில் முதல் படி. 24 வயதில் கடைசிப் படி. நடுவே பத்து ஆண்டுகள்.

முப்பது லட்சம் ரூபாய்

2023ஆம் ஆண்டு பெண்கள் பிரீமியர் லீக் என்ற போட்டி தொடங்கியது. ஆண்களுக்கு ஐ.பி.எல். நடப்பது போல் இது பெண்களுக்கு. முதல் ஆண்டில் ஐந்து அணிகள். எந்த அணிக்கு யார் என்பதை ஏலத்தில் முடிவு செய்தார்கள்.

அந்த ஏலம் 2023 பிப்ரவரியில் மும்பையில் நடந்தது. மின்னு மணிக்கு ஆரம்ப விலை 10 லட்சம் ரூபாய். டெல்லி கேபிடல்ஸ் அணி அவரை 30 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. தினக்கூலி வீட்டுப் பெண்ணுக்கு 30 லட்சம்.

அந்தப் பணத்தில் முதலில் வாங்க விரும்பியது என்ன தெரியுமா? ஒரு ஸ்கூட்டர். இனி நாலு பஸ் மாற வேண்டாம் அல்லவா!

முந்தின காலத்துப் பெண்கள் இப்படிப் பணம் பார்த்ததில்லை. இந்தியப் பெண்கள் அணி 1976ஆம் ஆண்டு முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடியது. எதிரணி மேற்கிந்தியத் தீவுகள். கேரளத்தில் கண்ணூரில் பிறந்து தமிழ்நாட்டு அணிக்கு ஆடிய சுதா ஷா அந்த அணியில் இருந்தார். அவர் 21 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடினார். பிறகு பயிற்சியாளரும் ஆனார். அந்தத் தலைமுறைப் பெண்கள் ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் போனார்கள். பொதுக் கூடங்களில் பாய் விரித்துப் படுத்தார்கள். கைப்பணம் போட்டும் ஆடினார்கள்.

2006ஆம் ஆண்டுதான் இந்திய கிரிக்கெட் வாரியம் பெண்கள் கிரிக்கெட்டைத் தன் பொறுப்பில் எடுத்தது. 2022 அக்டோபரில் இன்னொரு முடிவு வந்தது. இந்திய அணிக்கு ஆடும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஆட்டத்துக்குச் சமமான கூலி. டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சம் ரூபாய். ஒரு நாள் ஆட்டத்துக்கு 6 லட்சம். இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம்.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்ட பெற்றோருக்கு இப்போது ஓரளவு பதில் இருக்கிறது. ஆனால் இந்தக் கூலி ஏணியின் உச்சியில் நிற்கும் சிலருக்குத்தான். கீழே ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பஸ் கூலியே இன்றும் பெரிய செலவு.

நாலாவது பந்து

2023 ஜூலை 9. வங்கதேசத்தின் தலைநகர் டாக்காவில் மிர்ப்பூர் மைதானம். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இருபது ஓவர் ஆட்டம். மின்னு மணிக்கு இந்தியத் தொப்பி கிடைத்தது.

மின்னு இடது கையால் மட்டை பிடிப்பவர். பந்து வீசுவது வலது கையால். விரல்களால் பந்தைச் சுழற்றிவிடுவார். தரையில் பட்டதும் பந்து நேராகப் போகாது. வலது கை ஆட்டக்காரரின் உடம்பை நோக்கி உள்ளே திரும்பும். இதை ஆஃப் ஸ்பின் என்பார்கள். இதில் வேகம் குறைவு. சுழலும், பந்து எங்கே விழுகிறது என்பதும்தான் முக்கியம்.

அவரிடம் பந்து வந்தது. ஓர் ஓவருக்கு ஆறு பந்துகள். அவருடைய முதல் ஓவரின் நாலாவது பந்தில் வங்கதேச ஆட்டக்காரி ஷமீமா சுல்தானா பிடி கொடுத்து வெளியேறினார். இந்தியாவுக்காக வீசிய நாலாவது பந்திலேயே விக்கெட்!

இரண்டு நாள் கழித்து இரண்டாவது ஆட்டம். இந்தியா 95 ரன்தான் எடுத்தது. மிகவும் குறைந்த எண்ணிக்கை. வங்கதேசம் 96 எடுத்தால் வெற்றி. ஓர் ஆட்டக்காரர் அதிகமாக 4 ஓவர், அதாவது 24 பந்துகள் வீசலாம். மின்னு தன் 24 பந்துகளில் 9 ரன் மட்டும் கொடுத்தார். 2 விக்கெட் எடுத்தார். வங்கதேசம் 87 ரன்னுக்குச் சுருண்டது. இந்தியா 8 ரன் வித்தியாசத்தில் வென்றது.

மூன்று ஆட்டங்களில் மின்னு எடுத்தது மொத்தம் 5 விக்கெட். அதே ஆண்டு செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியில் மின்னுவும் இருந்தார்.

மானந்தவாடி நகராட்சி ஒரு முடிவு செய்தது. ஊரில் உள்ள மைசூர் சாலைச் சந்திப்புக்கு மின்னு மணி சந்திப்பு என்று பெயர் வைத்தது. பள்ளி போகும் பெண் குழந்தைகள் எழுத்துக் கூட்டி அந்தப் பெயரைப் படிக்கலாம். தங்கள் ஊர்ப் பெண்ணின் பெயர் அது.

ஏற்றமும் இறக்கமும்

இதோடு எல்லாம் சுகமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். விளையாட்டு வாழ்க்கையில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு.

2023 நவம்பரில் மும்பையில் இங்கிலாந்து 'ஏ' அணி வந்தபோது இந்தியா 'ஏ' அணிக்கு மின்னு தலைவி. 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்குப் போன 'ஏ' அணிக்கும் அவரே தலைவி. அங்கே ஒரு நான்கு நாள் ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்தார். அப்படியும் அணி தோற்றது. ஒருவர் நன்றாக ஆடினால் மட்டும் போதாது, கிரிக்கெட் பதினொரு பேர் ஆட்டம்.

2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் முதல் ஒரு நாள் ஆட்டம் ஆடினார். இந்தியா தோற்றது. மின்னு கடைசிவரை ஆட்டமிழக்காமல் 46 ரன் எடுத்தார்.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றது. தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. இந்தியப் பெண்கள் உலகக் கோப்பை வென்றது அதுவே முதல் முறை. நாடே கொண்டாடியது. அந்தப் போட்டிக்கு மின்னு மாற்று ஆட்டக்காரர் பட்டியலில்தான் இருந்தார். யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுவார்கள் என்ற பட்டியல் அது.

இதுவும் ஆட்டக்காரியின் வாழ்க்கைதான். தேர்வாகாத நாளிலும் மறுநாள் காலையில் எழுந்து பந்து வீச வேண்டும்.

ஒருவர் திறந்த கதவு

மின்னு படித்த மானந்தவாடியிலிருந்து இன்னொரு பெண்ணும் இந்திய அணிக்குப் போனார். அவர் சஜனா சஜீவன். அவரும் குறிச்சியர் குடும்பம். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். சஜனாவின் திறமையையும் கண்டவர் ஆசிரியை எல்சம்மாதான். 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் சஜனாவின் வீடு சேதமானது. வாங்கிய கோப்பைகளும் போயின. 2024 பிப்ரவரியில் பிரீமியர் லீக்கில் மும்பை அணிக்காக முதன்முதலாக இறங்கினார். கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். சஜனா சிக்சர் அடித்து அணியை வெற்றி பெறச் செய்தார். இரண்டு மாதத்தில் இந்திய அணிக்குப் போனார்.

திருவனந்தபுரத்துக்காரரான ஆஷா சோபனாவும் 2024 மே மாதம் இந்தியாவுக்காக ஆடினார். அப்போது அவருக்கு வயது 33. பலர் விளையாட்டை விட்டுவிடும் வயதில் அவருக்குக் கதவு திறந்தது.

இந்தக் கதை கேரளத்தோடு முடியவில்லை. வெகு தூரத்தில் ஐரோப்பாவில் ஸ்காட்லாந்து என்று ஒரு குளிர் நாடு. அங்கே பெரிய ஆட்டம் கால்பந்து. கிரிக்கெட் ஆடும் பெண்கள் குறைவு. அந்த நாட்டுப் பெண்கள் அணி 2024ஆம் ஆண்டுதான் முதல் முறையாக இருபது ஓவர் உலகக் கோப்பையில் ஆடியது. அணித் தலைவி கேத்ரின் பிரைஸ். அவர் தங்கை சாரா பிரைஸ் விக்கெட் கீப்பர். 2025ஆம் ஆண்டு சாரா டெல்லி கேபிடல்ஸ் அணியில் சேர்ந்தார். மின்னு மணியும் அதே அணியில்தான் இருந்தார். ஸ்காட்லாந்துப் பெண்ணும் வயநாட்டுப் பெண்ணும் ஒரே நிறச் சட்டை போட்டு ஒரே அணியில் இருந்தார்கள்.

நம் வீட்டுப் பெண் குழந்தைக்கு

விளையாடும் எல்லாப் பெண்களும் இந்திய அணிக்குப் போக முடியாது. போகவும் தேவையில்லை. ஓடி ஆடும் குழந்தைக்கு உடம்பு உறுதியாகும். தோற்றால் தாங்கிக்கொள்ளும் மனம் வரும். நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் வரும்.

திறமை உள்ள பெண் குழந்தைக்கு வீட்டில் சில காரியங்கள் செய்யலாம். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரைப் போய்ப் பார்த்துப் பேசலாம். மாவட்ட கிரிக்கெட் சங்கம் எப்போது ஆள் எடுக்கிறது என்று விசாரிக்கலாம். அந்த அறிவிப்புகள் செய்தித்தாளிலும் வரும். படிக்கத் தெரிந்த அம்மா அதைப் படித்துச் சொல்லலாம். பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம். மாலையில் ஒரு மணி நேரம் வீட்டு வேலையிலிருந்து அவளுக்கு விடுமுறை தரலாம். அந்த வேலையை அண்ணனும் தம்பியும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மின்னுவின் திறமை அவருடையது. ஆனால் ஓர் ஆசிரியையின் கண்ணும் பெற்றோரின் சம்மதமும் இல்லாவிட்டால் அது வயலோடு நின்றிருக்கும்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் பெண் குழந்தைகள் விளையாட இடம் இருக்கிறதா? அங்கே அவர்கள் பயமில்லாமல் போய்வர முடிகிறதா?

2. மின்னு மணிக்குத் தடையாக இருந்தவை எவை? துணையாக இருந்தவை எவை?

3. உங்கள் வீட்டில் மாலை நேரத்து வேலைகளை யார் யார் செய்கிறார்கள்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.